வானத்தின் மீதா வழக்கு?

"வானம் பொய்த்துவிட்டது!" வறட்சி வந்த ஆண்டுதோறும் இந்நாட்டில் தவறாமல் ஒலிக்கும் தீர்ப்புரை இது. கண்மாய் காய்ந்தால் வானம் குற்றவாளி. கிணறு வறண்டால் வானம் குற்றவாளி. உழுதவன் ஊரைவிட்டுப் பிழைப்புத் தேடி ஓடினால், அப்போதும் வானமே குற்றவாளி! கூண்டிலே நிறுத்தப்படும் அந்தக் குற்றவாளிக்கு வாய் இல்லை, வழக்குரைக்க ஆள் இல்லை, மேல்முறையீட்டுக்கு மன்றம் இல்லை. ஆகவே தீர்ப்பு எளிதாகிறது. தீர்ப்புச் சொன்னவர்களின் உறக்கமும் இனிதாகிறது.

முன்னாளில் இத்தீர்ப்பைப் பஞ்சாங்கம் படித்தது. "கலி முற்றிவிட்டது, தருமம் குன்றிவிட்டது, மழை எப்படிப் பெய்யும்?" என்றனர். இந்நாளில் அதே தீர்ப்பைக் கோப்புகள் படிக்கின்றன. "காலநிலை மாறிவிட்டது, நாம் என்ன செய்ய முடியும்?" என்கின்றனர். முன்னது மூடத்தனத்தின் மொழி. பின்னது விஞ்ஞானத்தின் மொழி. ஆனால் இரண்டும் நம்மிடம் கேட்பது ஒன்றே: கையைக் கட்டிக்கொண்டு உட்கார்! சொல் புதிது, சோம்பல் பழையது. விதி என்ற பழம்பெயரைத் துடைத்துவிட்டு, அந்தப் பலகையிலேயே காலநிலை என்று எழுதிவைத்தால், அதற்குப் பெயர் பகுத்தறிவா?

காலநிலை மாற்றம் கட்டுக்கதை என்று நாம் கூறவரவில்லை. அது மெய், அளந்து அறியப்பட்ட மெய். அந்த மெய்யைச் சாக்காக மாற்றிக்கொள்ளும் பொய்யைத்தான் கண்டிக்க வந்தோம். அளந்து பார்ப்பவனுக்குக் காலநிலை என்ற சொல் எச்சரிக்கை மணி. அளக்க மறுப்பவனுக்கு அதுவே தாலாட்டு. எதுவாக அதைக் கேட்கப்போகிறோம் என்பதே கேள்வி.

பேச்சு பொதுவாக இருந்தால் எவரும் தலையாட்டிவிட்டுப் போவர். ஆகவே ஓர் ஆற்றை எடுத்துக்கொள்வோம். அது வைகை.

வருசநாட்டு மலையில் தோன்றி, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் வழியே 258 கிலோமீட்டர் நடக்கிறது வைகை. அதன் படுகை, அதாவது அந்த ஆற்றை நோக்கி மழைநீர் வடியும் நிலப்பரப்பு, ஏறத்தாழ 7,000 சதுர கிலோமீட்டர். பரிபாடலில் இன்று கிடைக்கும் 22 முழுப் பாடல்களில் 8 பாடல்கள் இவ்வாற்றுக்கு உரியவை. ஆறுகள் எல்லாம் கடலைத் தேடி ஓடும் என்று பள்ளியிலே படிக்கிறோம். வைகையோ கண்மாயைத் தேடி ஓடும் ஆறு. வழிநெடுகக் கண்மாய்களை நிரப்பி, இறுதியில் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேர்கிறது. அங்கும் மிஞ்சியதே ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் நீரிணையைக் காண்கிறது. ஒரு சொட்டும் வீணாகாமல் தேக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த நில அமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அப்படிப்பட்ட ஆற்றின் கடைமடையிலே வாழ்பவர்கள் காவிரி நீரைக் குழாய்வழிக் கொண்டுவந்து குடிக்க நேர்ந்தது. வேறோர் ஆற்றிடம் தாகத்துக்குக் கையேந்தும் நிலை வைகையின் பிள்ளைகளுக்கு ஏன் வந்தது? வானம் மட்டுமா காரணம்?

முதலில் பஞ்சாங்கத்தைக் கேட்போம். ஆண்டுகளுக்கு அறுபது பெயர். பெயருக்கு ஒரு பலன். இவ்வாண்டு மழை இத்தனை மரக்கால் என்று ஒரு கணக்கு. அந்த மரக்காலைக் கண்டவர் யார், அளந்தவர் யார், சென்ற ஆண்டு சொன்ன மரக்காலும் பெய்த மழையும் ஒத்தனவா என்று சரிபார்த்தவர் யார் என்று கேட்காதீர்கள். கேட்டால் நீங்கள் நாத்திகர்!

1876ஆம் ஆண்டில் தொடங்கிய கொடும்பஞ்சத்தை மக்கள் 'தாது வருசத்துப் பஞ்சம்' என்றே இன்றும் சொல்கின்றனர். ஆண்டின் பெயரே பஞ்சத்தின் பெயராகிவிட்டது. சரி, பெயரில்தான் பஞ்சம் இருந்தது என்றால், அறுபதாண்டுக்கு ஒருமுறை அது திரும்ப வந்திருக்க வேண்டும். தாது 1936இல் மீண்டும் வந்தது. அந்தப் பஞ்சம் வரவில்லை. 1996இல் மறுபடியும் வந்தது, அப்போதும் வரவில்லை. தமிழகம் கடும் மழைக்குறைவைக் கண்ட 2016இல் நடந்தது தாதுவன்று, துன்முகி. பஞ்சாங்கத்தைப் பஞ்சாங்கத்தாலேயே சோதித்தோம், அது தோற்றுவிட்டது.

தாது ஆண்டில் நடந்தது என்ன? பருவமழை பொய்த்தது, உண்மை. ஆனால் மழை பொய்த்தால் பயிர் சாகும். இலட்சக்கணக்கில் மனிதர் சாகவேண்டும் என்பது வானத்தின் சட்டமன்று. சென்னை மாகாணம் பட்டினியால் துடித்துக்கொண்டிருந்த 1877 சனவரி முதல் நாளில், விக்டோரியாவைப் பேரரசி என்று பறைசாற்ற டில்லியிலே தர்பார் கூட்டினார் லிட்டன் பிரபு. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவனின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் எனக் குறைத்தார் ரிச்சர்டு டெம்பிள். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். நாள் முழுதும் கல்லுடைத்து மண் சுமந்தவனுக்கு அது! அதே காலத்தில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியக் கப்பல்கள் வெளிநாடு போய்க்கொண்டிருந்தன. நெல் இல்லாமல் மட்டும் மக்கள் சாகவில்லை. நெல்லை வாங்கக் கையில் காசும், கேட்டுப்பெற உரிமையும் இல்லாமல் செத்தனர். இதே கருத்தைத்தான் 1981இல் அமர்த்தியா சென் தமது வறுமை, பஞ்சம் பற்றிய நூலில் பல நாடுகளின் கணக்கைக் காட்டி நிலைநாட்டினார்.

அந்தப் பஞ்சத்துக்கு விடை எங்கிருந்து வந்தது? பரிகாரத்திலிருந்தன்று, மலையைக் குடைந்த சுரங்கத்திலிருந்து. மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணத்தை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுப்பியவர் இராமநாதபுரம் சீமையின் அமைச்சர் முத்திருளப்பப் பிள்ளை. கடைமடையில் இருந்தவனுக்குத்தானே தலைமடையைப் பற்றிய கவலை முதலில் வரும்! அவ்வெண்ணம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு உறங்கியது. பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் குடித்தபிறகே வெள்ளை அரசு விழித்தது. பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுத் தாமதத்துக்கு எந்தக் கிரகத்தைப் பழிப்பது?

அடுத்து, வேள்வியைக் கேட்போம். மழைக்காகக் கொடும்பாவி கட்டி இழுப்பது, தவளைக்கும் கழுதைக்கும் கலியாணம் செய்வது, மழைக்கஞ்சி எடுப்பது என்று ஊர்தோறும் வழக்கங்கள் உண்டு. பசித்த ஊர் கூடிக் கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்து குடித்ததை நாம் ஏளனம் செய்யமாட்டோம். ஆனால் அரசு? 2019ஆம் ஆண்டுக் கோடையில், முக்கியக் கோயில்களில் மழைவேண்டி யாகம் நடத்துமாறு அறநிலையத் துறையே சுற்றறிக்கை அனுப்பியது. கண்மாயின் மடையைச் செப்பனிடும் கோப்பு மேசைக்கு மேசை தவழும்போது, யாகத்தின் கோப்புக்கு மட்டும் சிறகு முளைத்த விந்தையை என்னென்பது!

"யாகம் செய்தோம், மழை பெய்தது பாருங்கள்" என்பார்கள். நாம் வகுப்பறையில் மாணவர்க்குக் கற்பிக்கும் எளிய கணக்கைக் கொண்டே இதைச் சோதிக்கலாம். நான்கு கட்டங்கள் வரையுங்கள். யாகம் செய்து மழை பெய்த ஆண்டுகள் ஒன்றில். யாகம் செய்தும் பெய்யாத ஆண்டுகள் ஒன்றில். செய்யாமலே பெய்தவை ஒன்றில். செய்யவும் இல்லை, பெய்யவும் இல்லை என்பவை ஒன்றில். நான்கையும் நிரப்பிக்கொண்டு வருக, பேசுவோம். அவர்களோ முதற் கட்டத்தை மட்டும் நிரப்பிக்கொண்டு மேளம் கொட்டுகிறார்கள்.

இன்னும் ஒரு சூட்சுமம் உண்டு. மழை நன்றாகப் பெய்யும் ஆண்டில் எவரும் யாகம் செய்வதில்லை. நெடுநாள் வறண்டபின்னரே செய்கின்றனர். அதுவும் பருவம் தொடங்கும் தறுவாயில் செய்கின்றனர். பகடையில் நாலைந்து முறை தொடர்ந்து ஒன்றே விழுந்தபிறகு, ஒரு மந்திரத்தைச் சொல்லி உருட்டிப் பாருங்கள். அடுத்து விழுவது பெரும்பாலும் ஒன்றைவிடப் பெரிய எண்ணாகவே இருக்கும். மந்திரம் சொல்லாமல் உருட்டினாலும் அப்படித்தான் இருக்கும். மே மாதத்தில் ஓதிவிட்டு சூன் மாதத்து மழைக்கு உரிமை கொண்டாடுவது, விடியற்காலையில் கூவிவிட்டுச் சூரியனுக்குச் சம்பளம் கேட்கும் சேவலின் செயல்!

இனி, காலநிலையைக் கேட்போம். இதுதான் நம் காலத்துக்குரிய வாதம். இதைக் கூர்ந்து ஆராயவேண்டும்.

மழையைப் பற்றிய நம் அறிவு யாரோ ஒரு முனிவர் ஞானக் கண்ணால் கண்டதன்று. நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து, எண்ணைக் குறித்து வைத்த பல்லாயிரம் எளிய ஊழியர்களின் உழைப்பால் வந்தது. 1875இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. 1904 முதல் 1924 வரை அதனை நடத்திய கில்பர்ட் வாக்கர், உலகின் பல மூலைகளிலிருந்து வந்த எண்களை அடுக்கிப் பார்த்து, பசிபிக் கடற்பரப்பின் காற்றழுத்தமும் இந்தியாவின் பருவமழையும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று கண்டார். அந்தக் கடலின் நடுவிலும் கிழக்கிலும் நீர் சூடேறும் நிலையை எல் நினோ என்றும், குளிரும் நிலையை லா நினா என்றும் இன்று அழைக்கிறோம்.

வைகைப் படுகைக்கு இதில் ஒரு தனித்தன்மை உண்டு. மேற்கு மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தைப் பிழிந்துவிடுவதால், படுகையின் பெரும்பகுதி மழைமறைவில் கிடக்கிறது. மலையின் உச்சிக்கும் பெரியாற்றுப் பக்கத்துக்கும் தென்மேற்கு மழை. சமவெளிக்கோ அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்கு மழையே உயிர். எல் நினோ ஆண்டில் இந்தியாவின் தென்மேற்கு மழை பெரும்பாலும் குறைகிறது; ஆனால் தமிழகத்தின் வடகிழக்கு மழை பெரும்பாலும் கூடுகிறது. லா நினா ஆண்டில் இது பெரும்பாலும் தலைகீழ். ஆகவே டில்லியில் அச்சடித்த வறட்சிக் கணிப்பை மதுரையில் அப்படியே ஒட்டமுடியாது. நம் ஆற்றை நாமே அளக்கவேண்டும்.

அளந்தால் என்ன தெரிகிறது? இந்தியா முழுமைக்குமான தென்மேற்கு மழை, ஆண்டுக்காண்டு சராசரியிலிருந்து நூற்றுக்குப் பத்து என்ற அளவில் ஏறி இறங்குகிறது. தென்னாட்டின் வடகிழக்கு மழையோ நூற்றுக்கு இருபத்தைந்து என்ற அளவில் ஏறி இறங்குகிறது. நம் மழை இயல்பிலேயே குதிரைப் பாய்ச்சல் மழை! 2015ஆம் ஆண்டில் தமிழகத்தின் வடகிழக்கு மழை சராசரியைவிடப் பாதிக்கு மேல் மிகுந்தது. அடுத்த ஆண்டே, 2016இல், சராசரியான 440 மில்லிமீட்டருக்குப் பதில் ஏறத்தாழ 168 மில்லிமீட்டர் பெய்தது. 62 விழுக்காடு குறைவு. 2017 சனவரி 10ஆம் நாள் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என அறிவிக்கப்பட்டன. தோழர்களே, இங்கேதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி பிறக்கிறது. 2015இல் வந்த வெள்ளம் 2016இன் தாகத்துக்கு ஏன் உதவவில்லை? ஒரே வானம்தான் இரண்டையும் அனுப்பியது. முதலாண்டு கொடுத்ததைக் கடலுக்கு விட்டுவிட்டு, மறு ஆண்டு கொடுக்கவில்லை என்று வழக்கா?

ஓர் ஆண்டின் வறட்சி செய்தி. அது போக்கு ஆகாது. முப்பதாண்டு எண்களை வரிசைப்படுத்தி, சராசரி எத்திசையில் நகர்கிறது, மழைநாள்கள் கூடுகின்றனவா குறைகின்றனவா, ஒரே நாளில் கொட்டும் அளவு பெருகுகிறதா என்று பார்த்தாலே போக்குத் தெரியும். உலக வானிலை நிறுவனம் முப்பதாண்டை அளவுகோலாகக் கொண்டது இதற்காகவே. அத்தகைய நீண்ட கணக்குகள் சில உண்மைகளை ஐயமின்றிக் காட்டிவிட்டன. 1901க்கும் 2018க்கும் இடையே இந்தியாவின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 0.7 பாகை செல்சியசு உயர்ந்தது. 1951க்கும் 2015க்கும் இடையே இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பரப்பு ஏறத்தாழ ஒரு பாகை சூடேறியது. இவை 2020இல் நடுவண் புவி அறிவியல் அமைச்சகம் வெளியிட்ட ஆய்வின் முடிவுகள். காற்று ஒரு பாகை சூடேறினால் அது ஏந்தக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு பெருகும். இதன் பொருள் இரண்டு. மழை வராத நாளில் கண்மாயிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஈரத்தை மிகுதியாக உறிஞ்சும் காற்று. மழை வரும் நாளில் அதை மிகுதியாகக் கொட்டும் காற்று. வறட்சியும் வெள்ளமும் பகைவர்கள் அல்ல, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்! 2023 டிசம்பரில், வைகைக்குத் தெற்கே தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர் கொட்டியது. ஓராண்டில் பெய்யவேண்டியதைவிட மிகுதியை ஒரு பகலும் இரவும் பெய்து தீர்த்தன.

இந்த உண்மைகளிலிருந்து அறிவுடையோர் பெறவேண்டிய முடிவு யாது? மழை சில நாள்களிலே மொத்தமாகக் கொட்டும் என்றால், அதைப் பிடித்துவைக்கும் பாத்திரம் முன்னைவிடப் பெரிதாகவும் பழுதற்றதாகவும் இருக்கவேண்டும். வறண்ட நாள்கள் நீளும் என்றால், பிடித்ததைப் பங்கிடும் முறை முன்னைவிட நேர்மையாக இருக்கவேண்டும். ஆக, காலநிலை மாற்றம் நம்மைக் கடமையிலிருந்து விடுவிக்கவில்லை, கடமையை இரட்டிப்பாக்கிவிட்டது! "திருடர் பெருகிவிட்டார்கள், ஆகவே கதவைப் பூட்டிப் பயனில்லை" என்று எந்த வீட்டுக்காரனாவது சொல்வானா?

பாத்திரத்தின் கணக்கைப் பார்ப்போம். படுகையின் பரப்பு 7,000 சதுர கிலோமீட்டர். ஆண்டு மழையை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் என்று கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் வானம் இப்படுகையின் மீது இறைக்கும் நீர் சுமார் 210 டி.எம்.சி.; அதாவது 210 ஆயிரம் மில்லியன் கனஅடி. 1959இல் திறக்கப்பட்டு, 71 அடி உயரத்துக்கு நீர் தேக்கும் வைகை அணையின் கொள்ளளவு ஏறத்தாழ 6 டி.எம்.சி.; அதிலும் வண்டல் தன் பங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெய்வதில் பெரும்பகுதி மண்ணில் ஊறும், பயிர் உண்ணும், ஆவியாகும். அனைத்தையும் தேக்க இயலாது, தேக்கவும் கூடாது. இருந்தும் பாதி மழையே பெய்த ஆண்டிலும் 105 டி.எம்.சி. விழுகிறது. அந்த 105க்கும் அந்த 6க்கும் இடையிலே இருக்கும் பாத்திரம் எது? அதுதான் கண்மாய். தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ளன. அவை அடர்ந்து கிடக்கும் மாவட்டங்களில் மதுரையும் சிவகங்கையும் இராமநாதபுரமும் அடங்கும்.

கண்மாய் தனிப் பாத்திரமன்று, சங்கிலி. வரத்துக்கால் வழியே நீர் வரும். மடை வழியே வயலுக்குப் போகும். நிறைந்தால் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். ஒரு வரத்துக்காலின் மீது வீடு எழும்பினால், அதன் கீழுள்ள கண்மாய்கள் அனைத்தும் தாகத்தால் சாகும். மேலே கிராமம் மழையில் மிதக்கும். கீழே கிராமம் அதே வாரத்தில் வறண்டு கிடக்கும். ஆற்றின் மணலை அள்ளிவிட்டோம். படுகை பள்ளமாகி, கால்வாயின் தலைமதகு மேடாகி, ஆற்றில் ஓடும் நீர் கால்வாயில் ஏற மறுக்கிறது. கண்மாயின் வயிற்றிலே வண்டலும் சீமைக்கருவேலும், கரையிலே கட்டடங்களும். நகரங்களோ தம் கழிவை ஆற்றுக்குக் காணிக்கையாக்குகின்றன. இவற்றில் எதை வானம் செய்தது?

2017 ஏப்ரலில் வைகை அணையிலே ஒரு காட்சி நடந்தது. நீர் ஆவியாவதைத் தடுக்க வேண்டுமென்று தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டனர், காற்று அவற்றைக் கரையிலே ஒதுக்கியது, நாடே சிரித்தது. நாமோ சிரிப்போடு நிற்கவில்லை. ஆவியாதலைக் குறைக்கவேண்டும் என்ற நோக்கம் தவறன்று. எத்தனை பரப்பு, எத்தனை காற்று, எவ்வளவு நீர் மிச்சமாகும் என்று முன்கூட்டிக் கணக்கிட்டுச் சிறிய குளத்தில் சோதிக்காமல் நேரே அணையில் இறங்கியதே தவறு. அளக்காமல் செய்யும் எதுவும், அதற்கு விஞ்ஞானம் என்று பெயரிட்டாலும், சடங்குதான்!

"முன்னோர் காலத்துக் குடிமராமத்தை மீட்டால் போதும், பொற்காலம் திரும்பும்" என்று சிலர் உருகுகின்றனர். புறநானூற்றின் 18ஆம் பாடலில், பள்ளமான இடந்தோறும் நீரைத் தேக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுரை கூறினார் குடபுலவியனார். அந்த அறிவை வணங்குகிறோம். ஆனால் பொற்காலம் என்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம்: மண் சுமந்தவர் யார், நீர் பெற்றவர் யார்? நடு இரவில் மடைக்குள் மூழ்கி அடைப்பைத் திறந்த நீர்க்கட்டிகளில் பெரும்பாலோர் சேரியிலே வாழ்ந்தவர்கள். அவர்கள் திறந்த நீர் மேட்டுக்குடியின் நஞ்சைக்குப் பாய்ந்தது. அவர்கள் குடிக்க அந்தக் கரையில் இடமில்லை. 1858இல் வெள்ளையர் கொண்டுவந்த கட்டாய உழைப்புச் சட்டமோ, குடிமக்களின் கடமை என்ற பெயரால் கூலியில்லா உழைப்புக்கு முத்திரை குத்தியது. கண்மாயை மீட்போம்; அந்தச் சாதி முறையை மீட்கமாட்டோம்!

வைகையைப் பற்றிய பிட்டுக்கு மண் சுமந்த கதையை அறியாதவர் இல்லை. உடைந்த கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் என்றான் மன்னன். பிட்டு விற்கும் வந்தி என்னும் ஏழைக் கிழவிக்கும் ஒரு பங்கு அளந்துவிட்டார்கள். கதையின் தெய்வத்தைப் புராணிகர்கள் பேசட்டும். நமக்குத் தெரிவது அதிலுள்ள பொருளாதாரம். ஆற்றிலே பங்கு நிலமில்லாத கிழவிக்கும் கரையிலே பங்கு உண்டு! இன்றும் அப்படித்தான். 2017இல் வறட்சி நிவாரணம் நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் என்று அறிவித்தனர். ஏக்கர் உள்ளவனுக்கு ஏக்கர்க் கணக்கு. நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்துக் கூலி பெறும் பெண்ணுக்கு ஏது ஏக்கர்? பயிர் கருகினால் முதலில் கருகுவது அவள் அடுப்பு. வறட்சியை மில்லிமீட்டரில் மட்டும் அளப்பவர், அந்த அடுப்பை அளக்கத் தவறுகிறார்.

"அண்டை மாநிலம் நீரை விடவில்லையே" என்பார் உண்டு. பெரியாறு அணையில் நம் உரிமை உறுதியானது. 1979இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட நீர்மட்டத்தை 142 அடியாக உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் கூறியது. 2014இல் மீண்டும் நிலைநாட்டியது. உரிமையில் ஓர் அங்குலமும் விட்டுத்தரச் சொல்லவில்லை நாம். ஆனால் வாதாடிப் பெற்ற நீர், வழியிலுள்ள உடைந்த மடையில் ஒழுகிப்போனால், வென்ற வழக்கால் என்ன பயன்? அண்டை வீட்டாரிடம் உரிமையோடு கேட்கும் வாய்க்கு, சொந்த வீட்டின் கணக்கைக் காட்டும் கையும் வேண்டும்.

"நீங்கள் ஆசிரியர்கள், இளைஞர்கள், உங்களால் என்ன ஆகும்?" என்று கேட்பவர்களுக்கு விடை சொல்லிவிட்டு முடிக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மழைமானி வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் நீர்; ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை ஏறத்தாழ 40,000 லிட்டர். இந்தக் கணக்கைப் போட எட்டாம் வகுப்புப் போதும். நாள்தோறும் காலை எட்டரைக்கு மாணவர் எழுதும் அந்த எண், முப்பதாண்டில் ஊரின் வரலாறாகும். இன்று எழுதத் தொடங்காத ஊர், முப்பதாண்டு கழித்தும் "அந்தக் காலத்திலே நல்ல மழை" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு கண்மாயிலும் அடிக்கணக்கு எழுதிய கல் ஒன்று வேண்டும். மழை எண்ணையும் கண்மாய் எண்ணையும் அருகருகே எழுதுங்கள். மழை பெய்தும் கண்மாய் ஏறவில்லையா? வரத்துக்காலில் எவனோ உட்கார்ந்திருக்கிறான்! மழை உண்மையிலேயே குறைந்ததா? அப்போது வானத்தின் மீது வழக்குத் தொடுங்கள், ஆதாரத்தோடு தொடுங்கள். வானத்தின் குற்றத்தையும் மனிதனின் குற்றத்தையும் பிரித்துக் காட்டும் தராசு இந்த இரண்டு எண்கள்தாம்.

மூன்றாவது, அந்த ஏட்டைக் கிராம சபையிலே உரக்கப் படியுங்கள். மார்ச்சு 22 உலகத் தண்ணீர் நாளில் கிராம சபை கூடும் வழக்கம் வந்திருக்கிறது. தூர்வாரியதாகச் சொன்ன கண்மாய் எத்தனை அடி ஆழமாயிற்று, செலவு எவ்வளவு, கடைமடைக்கு எத்தனை நாள் நீர் போயிற்று, நிலமில்லாத் தொழிலாளிக்கு என்ன வழி என்று கேளுங்கள். சேரியிலிருந்து ஒரு பெண் எழுந்து அந்த ஏட்டைப் படிக்கட்டும். பஞ்சாங்கம் படித்தபோது கைகட்டிக் கேட்ட ஊர், இந்த ஏட்டைப் படிக்கும்போது கைநீட்டிக் கேட்கட்டும்.

இவை சிறு வேலைகள் என்று எண்ணவேண்டாம். எண்ணைக் கையில் வைத்திருப்பவனை எந்த அதிகாரமும் எளிதில் ஏய்க்கமுடியாது. மரக்கால் கணக்குக்கு அஞ்சிய தலைமுறை போகட்டும். மில்லிமீட்டர்க் கணக்கைக் கொண்டு அஞ்சவைக்கும் தலைமுறை வரட்டும். வானம் தன் வரவுசெலவை நாள்தோறும் நம் முற்றத்திலே வைத்துவிட்டுப் போகிறது. நம்மை ஆள்பவர்களும், நம் ஊரின் பெரியவர்களும், ஏன், நாமும் நம் கணக்கை வைப்போம். அதன்பிறகு பார்ப்போம், பொய்த்தது யார் என்று!